தமிழகத்தில் மனிதநேய அமைப்புகளின் கூட்டிணைவு

தமிழகத்தில் மனிதநேய அமைப்புகளின் கூட்டிணைவு என்பது, மனிதரையும் மனித அறிவையும் மையமாகக் கொண்ட சங்கங்களும் இயக்கங்களும், தம்மோடு முழுவதும் உடன்படாத, ஆனால் நெருங்கிய நோக்கமுடைய பிற அமைப்புகளுடன் சேர்ந்து ஒரு திறந்த சமூகத்தை வளர்க்க முயன்ற வரலாற்றைக் குறிக்கும். இவ்வரலாறு 1878 இல் சென்னையில் தொடங்குகின்றது எனலாம். அதன் முக்கியத் திருப்பம் 1944 இல் சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள சேலத்தில் நிகழ்ந்தது.

இவ்வமைப்புகள் அனைத்தும் ஒரே கேள்வியை எதிர்கொண்டன. கூட்டுச் சேர எவ்வளவு உடன்பாடு தேவை? உடன்பாடு மிகுதியாக வேண்டும் என்றால் சங்கம் சிறிதாகவே இருக்கும். குறைவாகப் போதும் என்றால் சங்கம் வளரும், ஆனால் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அது மங்கிவிடக்கூடும். இக்கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டன.

சொற்பொருள்

மனிதநேயம் என்னும் சொல் அன்றாடத் தமிழில் இரக்கம், பிறருக்கு உதவும் பண்பு ஆகியவற்றைக் குறிக்கும். இக்கட்டுரையில் அது ஓர் உலகப்பார்வையின் பெயராகவும் பயன்படுத்தப்படுகின்றது. அற வாழ்விற்கு இறைவனின் கட்டளை தேவையில்லை, மனிதர் தம் அறிவாலும் அனுபவத்தாலும் நல்லது கெட்டதைத் தேர முடியும், பிறப்பால் எவரும் உயர்ந்தவரோ தாழ்ந்தவரோ அல்லர் என்பன இப்பார்வையின் கூறுகள். மனிதவியம், மானுடவாதம் என்ற சொற்களும் இதே பொருளில் வழங்குகின்றன. தமிழ்ச் சூழலில் இப்பார்வை பெரும்பாலும் பகுத்தறிவு, சுயமரியாதை என்ற பெயர்களிலேயே அறிமுகமானது. மேற்கு நாடுகளில் இறைமறுப்பும் திருச்சபை எதிர்ப்பும் முதன்மை பெற்றன. இங்கோ சாதியே முதற் கேள்வியாக இருந்தது. ஆகவே இறைநம்பிக்கை உடைய சாதி எதிர்ப்பாளர் ஒருவர் உறவினரா அயலாரா என்ற சிக்கல் தொடக்கம் முதலே உடன் வந்தது.

சென்னை இலௌகிக சங்கம்

1878 இல் சென்னையில் இந்து சுயக்கியானிகள் சங்கம் தோன்றியது. 1886 முதல் இது சென்னை இலௌகிக சங்கம் என்ற பெயரில் இயங்கியது. தத்துவவிவேசினி என்ற தமிழ் இதழும், தி திங்கர் என்ற ஆங்கில இதழும் 1882 முதல் 1888 வரை இதன் சார்பில் வெளிவந்தன. இந்துமத ஆசார ஆபாச தரிசினி என்ற நூலை 1882 இல் வெளியிட்ட அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் இக்குழுவினருடன் தொடர்புடையவர்.

இச்சங்கத்தின் முதன்மைத் துணை கடலுக்கு அப்பால் இருந்தது. சார்லசு பிராட்லா 1866 இல் இலண்டனில் நிறுவிய தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தின் கருத்துக்களும் எழுத்துக்களும் சென்னை இதழ்களில் இடம்பெற்றன. கப்பல் தபாலில் வரும் கட்டுரை தமிழாக்கப்பட்டு, குழந்தைத் திருமணம், விதவை நிலை, சாதி, சோதிடம் போன்ற உள்ளூர் விவாதங்களோடு சேர்த்து அச்சிடப்பட்டது. இதனைக் கடிதவழிக் கூட்டுறவு என்று அழைக்கலாம். செலவு குறைவு, கட்டுப்பாடு இல்லை. ஆனால் இதழ் நின்றால் உறவும் நின்றுவிடும். 1888 இற்குப் பின் நடந்தது அதுவே. இலண்டன் சங்கத்தின் புகழ்பெற்ற பேச்சாளராக இருந்த அன்னி பெசன்ட் 1889 இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893 இல் அவர் இந்தியா வந்தபோது பிரம்மஞானியாகவே வந்தார் என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

இவ்விதழ்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தன. பேராசிரியர் வீ. அரசு அவற்றைத் தொகுத்துப் பல தொகுதிகளாக 2012 இல் வெளிக்கொணர்ந்த பின்னரே, தமிழகப் பகுத்தறிவு மரபு 1925 இல் தொடங்கியது என்ற பொதுவான எண்ணம் திருத்தம் பெற்றது.

சாக்கிய பௌத்த சங்கம்

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தேர்ந்த வழி வேறானது. அவர் மதத்தை விட்டு வெளியேறவில்லை. சாதியற்ற அறநெறி ஒன்று இம்மண்ணிலேயே முன்பு இருந்தது, அது பௌத்தம் என்று வாதிட்டார். 1898 இல் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட்டின் உதவியுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பிரம்மஞான சபை, இலங்கைப் பிக்குகள், அநகாரிக தர்மபாலரின் மகாபோதி சங்கம் ஆகிய மூன்றும் இம்முயற்சிக்குத் துணை நின்றன. இவற்றுள் எதுவும் பறையர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் விடுதலையைத் தன் முதல் நோக்கமாகக் கொண்டிருக்கவில்லை. அயோத்திதாசர் துணையைப் பெற்றுக்கொண்டார், விளக்கத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

1907 இல் தொடங்கிய அவரது தமிழன் வார இதழ் சங்கத்தின் கிளைகளை ஒன்றாகப் பிணைத்தது. கோலார் தங்கவயல் தொழிலாளர் குடியிருப்புகள், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழர் கூலி வேலைக்குச் சென்ற இடங்களில் கிளைகளும் வாசகர்களும் உருவாயினர். பேராசிரியர் இலட்சுமி நரசு 1907 இல் வெளியிட்ட பௌத்தத்தின் சாரம் என்ற ஆங்கில நூலும் இவ்வட்டத்தைச் சார்ந்ததே. அந்நூலின் 1948 ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார் 1926 இல் தமிழன் இதழை மீண்டும் தொடங்கிச் சுயமரியாதை இயக்கத்துடன் நெருங்கிச் செயற்பட்டார். ஓர் அமைப்பு தேய்ந்தாலும் அதன் மனிதர்கள் அடுத்த அமைப்புக்குப் பாலமாயினர் என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு ஆவார்.

சுயமரியாதை இயக்கம்: மேடையைத் திறத்தல்

1925 மே 2 அன்று ஈரோட்டில் ஈ. வெ. இராமசாமி குடிஅரசு வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் உருவான சுயமரியாதை இயக்கத்திற்கு முதல் ஆண்டுகளில் இறுக்கமான உறுப்பினர் பட்டியலோ விரிவான சட்டதிட்டமோ இருக்கவில்லை. இதழ், பொதுக்கூட்டம், புரோகிதர் இல்லாத திருமணம் ஆகிய மூன்றுமே அதன் உடல் எனலாம்.

இவ்வியக்கத்தின் திறந்த தன்மையை அதன் மாகாண மாநாட்டுத் தலைவர்களின் பட்டியல் காட்டுகின்றது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாநாட்டிற்கு நாடார் சமூகத் தலைவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை தாங்கினார். 1930 இல் ஈரோட்டு மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவர் பம்பாயைச் சேர்ந்த எம். ஆர். ஜெயகர். 1931 இல் விருதுநகர் மாநாட்டிற்கு ஆர். கே. சண்முகம் செட்டியார். இவர்களில் எவரும் முழுநேர இயக்கத்தவர் அல்லர். ஜெயகர் இந்து சமூகச் சீர்திருத்தவாதி, நாத்திகர் அல்லர். பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதை விடுதல், பெண்களுக்குச் சம சொத்துரிமை, விருப்பமான துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போன்ற தீர்மானங்களை ஆதரிக்கக் கூடியவரா என்பதே அழைப்புக்கான அளவுகோலாக இருந்தது. மாநாட்டோடு சேர்த்து இளைஞர், பெண்கள் முதலியோருக்குத் தனித்தனி மாநாடுகளும் நடத்தப்பட்டன. ஒரே பந்தலில் பல வாசல்கள் என்று இம்முறையைச் சொல்லலாம். இசுலாமியர் நடத்திய நபிகள் பிறந்தநாள் கூட்டங்களில் ஈ. வெ. ரா. பேசியதும் இதே போக்கில் அமைந்தது.

பிற மாகாணங்களின் எழுத்துக்களும் இங்கு வந்து சேர்ந்தன. லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் அழைத்துப் பின்னர் மாநாட்டையே கைவிட்டதால் 1936 இல் அம்பேத்கர் தாமே அச்சிட்டு வெளியிட்ட உரை, சாதியை ஒழிக்க வழி என்ற தலைப்பில் தமிழில் வந்தது. அழைத்த அமைப்பு அஞ்சிப் பின்வாங்கிய உரைக்கு ஈரோட்டில் அச்சகம் கிடைத்தது. பகத்சிங் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைப் ப. ஜீவானந்தம் தமிழாக்கினார். அதன் வெளியீட்டிற்காக வழக்கும் சிறையும் நேர்ந்தன.

கூட்டுறவின் விலையையும் இயக்கம் அறிந்தது. 1931 டிசம்பரில் புறப்பட்டு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் பயணம் செய்து 1932 நவம்பரில் திரும்பிய ஈ. வெ. ரா., அவ்வாண்டு இறுதியில் ம. சிங்காரவேலரின் துணையுடன் ஈரோட்டுச் சமதர்மத் திட்டத்தை முன்வைத்தார். அரசின் அடக்குமுறை தொடர்ந்தது. 1934 இல் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்ட பின்னர், சமூகச் சீர்திருத்தப் பணியாவது மிஞ்ச வேண்டும் என்று அவர் சமதர்மப் பரப்புரையைக் குறைத்துக்கொண்டார். இதை ஏற்காத ஜீவானந்தம் உள்ளிட்டோர் 1936 இல் பிரிந்தனர். பிரிந்தவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று கூற இயலாது. ஆனால் இயக்கமும் இதழும் பிழைத்திருந்தன என்பதும் உண்மை.

பகைவர் எனக் கருதப்பட்டோருடன் சேர்ந்த நிகழ்வே இக்காலத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. 1928–29 ஆண்டுகளில் சைவ அறிஞர்களுக்கும் சுயமரியாதையாளருக்கும் இடையே கடும் சொற்போர் நடந்தது. மறைமலை அடிகள் அதன் நடுவில் இருந்தார். 1937 இல் இராஜாஜி அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க முனைந்தபோது மறைமலை அடிகள், சோமசுந்தர பாரதியார், கி. ஆ. பெ. விசுவநாதம் ஆகியோர் ஈ. வெ. ராவுடன் ஒரே மேடையில் நின்றனர். எவரும் தம் சமய நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு ஈ. வெ. ராவுக்குப் பெரியார் என்ற பட்டத்தை வழங்கியது. அம்மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் மறைமலை அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். நாத்திகத் தலைவர் ஒருவர் இன்றுவரை அறியப்படும் பெயர், சைவக் குடும்பத்துப் பெண் ஒருவர் தலைமையில் கூடிய பெண்கள் அவையிலிருந்து வந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

சேலம் மாநாடு, 1944

சேலம் நகரம் சேர்வராயன் மலையின் தெற்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. ஏற்காடு அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மலைப்பாதைத் தொலைவில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் இந்நகர் அரசியலின் முக்கிய மையங்களில் ஒன்றாக விளங்கியது. சி. விஜயராகவாச்சாரியார், பெ. வரதராஜுலு நாயுடு, 1917 முதல் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி ஆகியோர் இங்கிருந்தே வளர்ந்தனர். இவர்களுள் வரதராஜுலு நாயுடு, சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி இட்டதை எதிர்த்து 1924–25 இல் ஈ. வெ. ராவுடன் இணைந்து நின்றவர். ஆகவே சேலத்திற்கும் இவ்வியக்கத்திற்கும் உறவு 1944 இற்கு முற்பட்டதாகும்.

1916 இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கமாகத் தோன்றிய நீதிக்கட்சி, 1937 தேர்தலில் படுதோல்வி அடைந்திருந்தது. அதனிடம் பெயர், பணம், பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் ஆகியன இருந்தன. தொண்டர்கள் இல்லை. சுயமரியாதை இயக்கத்திடம் தொண்டர்களும் இளம் பேச்சாளர்களும் இருந்தனர். 1938 டிசம்பரில், ஈ. வெ. ரா. பெல்லாரிச் சிறையில் இருந்தபோதே கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஐந்தரை ஆண்டுகள் இரண்டு அமைப்புகளும் ஒரே தலைவரின் கீழ்த் தனித்தனியாக நடந்தன.

1944 ஆகத்து 27 அன்று சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில் சி. என். அண்ணாதுரை பெயரால் அறியப்படும் தீர்மானம் நிறைவேறியது. அரசு அளித்த சர், இராவ் பகதூர், திவான் பகதூர் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும், அரசு நியமித்த கௌரவப் பதவிகளிலிருந்து விலக வேண்டும், தேர்தலில் போட்டியிடக் கூடாது என்பன அதன் சாரம். கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என மாற்றப்பட்டது. பட்டங்களை விட மனமில்லாதோர் வெளியேறினர். பி. டி. இராசன் முதலானோர் நீதிக்கட்சி என்ற பழைய பெயரிலேயே சில காலம் செயற்பட்டனர்.

இது இணைப்பா பிளவா என்று கேட்டால் இரண்டும் என்றே கூற வேண்டும். செல்வந்தரின் சங்கம் ஒன்று அன்றோடு சாமானியர் நுழையக்கூடிய கழகமாக மாறியது. வாசலை அகலப்படுத்திய அதே செயல், முன்பு உள்ளே இருந்தோரில் ஒரு பகுதியினரை வெளியேற்றியது. சென்னை இலௌகிக சங்கத்தின் கடிதவழி உறவில் எவரும் எதையும் இழக்கவில்லை. இங்கோ ஒவ்வொருவரும் எதையாவது விட வேண்டியிருந்தது. அமைப்பு மாணவர்களையும் கைத்தொழிலாளரையும் ஈர்த்து விரைவாகப் பரவியதற்கு இந்தத் துறப்பே காரணம் என்பது பொருத்தமான விளக்கமாகும்.

தேர்தலில் நிற்பதில்லை என்ற முடிவு 1949 செப்டம்பரில் அண்ணாதுரை தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகத்தால் கைவிடப்பட்டது. அக்கட்சி 1957 முதல் தேர்தலில் போட்டியிட்டது. இறைமறுப்பை உறுப்பினருக்கு நிபந்தனை ஆக்காமல், குலமும் தெய்வமும் ஒன்றே என்ற திருமூலர் கருத்தை அண்ணாதுரை முன்வைத்தார். நம்பிக்கையாளர் பெருந்தொகையாக வந்து சேர இது வழிசெய்தது. பெரியார் இதனை ஏற்கவில்லை. எனினும் 1967 இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசே சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளித்தது. 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் ஒன்றைச் செல்லாது எனத் தீர்ப்பளித்திருந்ததால், புரோகிதர் இன்றி மணந்த ஆயிரக்கணக்கான இணையரின் வாழ்வுரிமையும் பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குறியாக நின்றன. 1967 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முன்பு நடந்த திருமணங்களையும் செல்லும் என ஆக்கியது. பிரிந்து போனோருடனும் உறவு அறாதிருந்தமையால் கிட்டிய பலன் இது.

மலைமேல்

சேலம் மாநாட்டின் முழக்கங்கள் எழுந்த சமவெளிக்கு மேலே, சேர்வராயன் மலையில் வேறொரு சமூக அமைப்பு நிலவியது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை அங்கு அறிமுகப்படுத்திய பின், ஐரோப்பியர் தோட்டங்களும் கிறித்தவ சபைகளின் உறைவிடப் பள்ளிகளும் ஏற்காட்டில் வளர்ந்தன. மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் கேரள மக்கள் அல்லர். தமிழ் பேசுவோர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது வாய்மொழி மரபு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதாகும்.

1,623 மீட்டர் உயரமுள்ள மலைமுடியில் அமைந்த சேர்வராயன் கோயிலில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் விழாவே சுற்றுப்புற மலைக்கிராமங்கள் ஒன்றுகூடும் நாள். சமவெளியில் கோயில் என்பது பல சாதியினர் உள்ளே நுழையத் தடுக்கப்பட்ட இடம். மலையில் அது ஒரு சிறு மக்களின் ஒற்றுமைக்கான இடம். ஆகவே சமவெளியில் உருவான கோயில் எதிர்ப்புச் சொற்களை மலைக்கு அப்படியே கொண்டுசெல்வது பொருந்தாது. நில உரிமை, சாதிச் சான்றிதழ், பள்ளி, மருத்துவம் ஆகியவற்றில் தொடங்கும் கூட்டுறவே இத்தகைய இடங்களில் நிலைக்கக் கூடியது. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராமசபைக்கு அளித்துள்ள பங்கும் அதற்கு ஒரு வாய்ப்பாகும்.

கடல் கடந்த தமிழர்

1929–30 இல் ஈ. வெ. ரா. மலாயா, சிங்கப்பூர் சென்றதைத் தொடர்ந்து அங்கு சீர்திருத்தச் சங்கங்கள் வலுப்பெற்றன. சிங்கப்பூர்த் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் முன்னணியாளர் கோ. சாரங்கபாணி 1935 இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். அவர் 1952 இல் தொடங்கிய தமிழர் திருநாள், இந்து, இசுலாமிய, கிறித்தவத் தமிழரை மொழியின் பெயரால் ஒரே விழாவில் கூட்டியது. மதம் சாராத பொங்கல் நாள் இதற்கு ஏற்றதாக அமைந்தது. தாயகத்தில் கொள்கைப் பூசலாக இருந்தது, குடியேறிய சிறுபான்மையிடையே பண்பாட்டு ஒற்றுமையாக உருமாறியது குறிப்பிடத்தக்கது.

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் (1898–1978) தலைமையில் இயங்கிய பகுத்தறிவாளர் சங்கம் வேறு வகையினது. திருவல்லாவில் பிறந்து 1928 இல் இலங்கை சென்று ஆசிரியராகப் பணியாற்றிய கோவூர், ஏமாற்று இல்லாத நிலையில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் அறைகூவல் விடுத்தார். இறுதிவரை எவரும் அப்பணத்தை வெல்லவில்லை. 1970களில் இந்தியாவில் அவர் மேற்கொண்ட பயணங்கள் புதிய தலைமுறை ஒன்றை உருவாக்கின.

கட்சிக்கு வெளியே

கட்சிச் சார்பு இல்லாத பொதுமேடை தேவை என்ற எண்ணமும் இணையாக வளர்ந்தது. 1949 இல் சென்னையில் இந்தியப் பகுத்தறிவாளர் சங்கம் நிறுவப்பட்டது. புனேயைச் சேர்ந்த கணித அறிஞர் ஆர். பி. பராஞ்சபே அதன் முதல் தலைவர், எஸ். இராமநாதன் செயலாளர். இராமநாதன் சுயமரியாதை இயக்கத் தொடக்கத் தோழர்களில் ஒருவர், ஈ. வெ. ராவுடன் ஐரோப்பா சென்றவர், பின்னர் 1937 இராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றவர். இருமுனைகளையும் கண்ட ஒருவர் கட்சி கடந்த சங்கத்தை நாடியதில் வியப்பில்லை.

பெரியாரும் இத்தேவையை உணர்ந்தார். அரசு ஊழியர், ஆசிரியர் ஆகியோர் அரசியல் சார்ந்த இயக்கத்தில் சேர இயலாது என்பதாலும், வேறு கட்சிகளில் உள்ள பகுத்தறிவாளரும் ஒன்றுகூட வேண்டும் என்பதாலும் 1970 இல் பகுத்தறிவாளர் கழகம் தொடங்கப்பட்டது. 1944 இல் உள்ளே வருவோர் பழைய அடையாளத்தை விட வேண்டும் என்றிருந்தது. 1970 இல் அதை வைத்துக்கொண்டே வரலாம் என்றாயிற்று.

அகில இந்திய அளவில் எம். என். ராய் இதைவிடவும் துணிந்து சென்றார். 1948 டிசம்பரில் தம் கட்சியையே கலைத்து அதை மனிதநேய இயக்கமாக மாற்றினார். 1952 இல் ஆம்சுடர்டாமில் பன்னாட்டு மனிதநேய, அறநெறி ஒன்றியம் உருவானபோது அவ்வியக்கம் நிறுவன உறுப்புகளில் ஒன்றாக இருந்தது. இவ்வொன்றியம் 2019 முதல் இயூமனிசுட்சு இன்டர்நேசனல் என்று அழைக்கப்படுகின்றது. ஆந்திரத்தில் கோரா என்ற கோபராஜு இராமச்சந்திர ராவ், 1940 இல் முதுனூரில் நாத்திக மையத்தை அமைத்து 1947 இல் அதை விசயவாடாவிற்கு மாற்றினார். சாதி ஒழிப்புப் பணிக்காகக் காந்தியுடன் உறவு கொண்டிருந்தார். அவரது மகளின் சாதி மறுப்புத் திருமணத்தைச் சேவாகிராமத்தில் நடத்திவைக்கக் காந்தி இசைந்திருந்தார். காந்தி கொலையுண்ட பின் 1948 மார்ச்சில் அத்திருமணம் அங்கேயே நடந்தது.

கூட்டமைப்பு வடிவம்

கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பசவ பிரேமானந்த் (1930–2009) கோவூரின் வழியில் வந்தவர். திருநீறு வரவழைத்தல், தீ மிதித்தல், நாவில் சூலம் குத்துதல் போன்றவற்றைத் தாமே செய்து காட்டி, பின் அதன் செய்முறையை விளக்குவது அவரது பாணி. 1988 முதல் இந்தியன் இசுகெப்டிக் என்ற ஆங்கில இதழை நடத்தினார். ஊர் ஊராகச் சென்றபோது பல மாநிலங்களில் ஒரே பணியைச் செய்யும் சிறு சங்கங்கள் ஒன்றையொன்று அறியாதிருந்ததை அவர் கண்டார். அவரது முன்முயற்சியில் 1997 இல் இந்தியப் பகுத்தறிவாளர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. பின்னர் மங்களூரைச் சேர்ந்த நரேந்திர நாயக் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இதில் உறுப்பினர் தனிமனிதர் அல்லர், சங்கங்கள். ஒவ்வொன்றும் தன் பெயர், மொழி, கொள்கை அழுத்தம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். கேரளத்தின் யுக்திவாதி சங்கம் போன்ற வெளிப்படையான நாத்திகக் குழுக்களும், இறைநம்பிக்கையைப் பற்றிப் பேசாமல் மூடநம்பிக்கைச் சுரண்டலை மட்டும் எதிர்க்கும் குழுக்களும் இத்தகைய ஏற்பாட்டில் அருகருகே இருக்க முடிகின்றது. செயல்விளக்கப் பயிற்சி, பேச்சாளர் பரிமாற்றம், வழக்குகளில் துணை ஆகியன கூட்டமைப்பின் பயன்கள். வலுவீனமும் அதே இடத்தில்தான் உள்ளது. பொது முடிவை எந்தச் சங்கத்தின் மீதும் திணிக்க முடியாது.

நரேந்திர தபோல்கர் 1989 இல் தொடங்கிய மகாராட்டிர அந்தசிரத்தா நிர்மூலன் சமிதி, கடவுள் நம்பிக்கையை எதிர்ப்பது தன் நோக்கமன்று என்று அறிவித்தே வளர்ந்தது. சட்ட வரைவுக்கு எதிர்ப்பு எழுந்தபோது பல பிரிவுகளைக் குறைக்கவும் உடன்பட்டது. 2013 ஆகத்து 20 அன்று தபோல்கர் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் மூடநம்பிக்கைக் கொடுமைகளுக்கு எதிரான சட்டத்தை மகாராட்டிரச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2015 இல் கோவிந்த் பன்சாரே, எம். எம். கல்புர்கி, 2017 இல் கௌரி லங்கேஷ் ஆகியோரும் கொலையுண்டனர். 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் கொல்லப்பட்டார். இக்கொலைகளுக்குப் பின் சிறு சங்கங்களுக்குக் கூட்டமைப்பு என்பது பாதுகாப்பின் தேவையும் ஆயிற்று.

அறிவியல் இயக்கத்துடன் உறவு

1980 இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தன்னை மனிதநேய அமைப்பு என்று அழைத்துக்கொள்வதில்லை. ஆயினும் 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது திருத்தத்தால் இந்திய அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராயும் உணர்வையும் ஒரே மூச்சில் குடிமக்களின் கடமையாகக் கூறுகின்றது. இதனால் நாத்திகம் என்ற சொல்லைக் கேட்டுத் தயங்கும் ஆசிரியரும் மாணவரும் சேரக்கூடிய பொதுத்தளம் ஒன்று கிடைத்தது. 1987 இல் நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து புறப்பட்டு போபாலில் முடிந்த மக்கள் அறிவியல் கலைப்பயணம், 1990களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஆகியவற்றில் அரசு அலுவலர், தொழிற்சங்கத்தினர், எழுத்தாளர், இல்லப் பெண்கள் எனப் பலரும் இணைந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு மிதிவண்டியும் பழகிய பெண்களின் கதை நன்கு அறியப்பட்டது.

இரு மரபுகளின் வேறுபாட்டைச் சூரிய கிரகண நாளில் காணலாம். கிரகணத்தின்போது உண்ணக்கூடாது என்ற நம்பிக்கையை உடைக்கத் திராவிடர் கழகத்தினர் பொது இடத்தில் கூடிச் சிற்றுண்டி உண்பர். அறிவியல் இயக்கத்தினர் பாதுகாப்பான கண்ணாடி கொடுத்து வானத்தைப் பார்க்கச் சொல்வர். 2019 டிசம்பர் 26 அன்று தென்தமிழகத்தின் மேல் வளையக் கிரகணம் சென்றபோது இரண்டும் நடந்தன. முன்னது அச்சத்தை எதிர்க்கின்றது, பின்னது ஆர்வத்தை வளர்க்கின்றது. ஒன்று மற்றொன்றுக்குப் பகை அல்ல.

பன்னாட்டு மாநாடுகள்

விசயவாடா நாத்திக மையமும் திராவிடர் கழகமும் இணைந்து 2011 சனவரியில் திருச்சிராப்பள்ளியில் உலக நாத்திகர் மாநாட்டை நடத்தின. 2018 சனவரியில் மீண்டும் அங்கேயே மாநாடு கூடியது. 2017 இல் செருமனியின் கோல்ன் நகரிலும், 2019 இல் அமெரிக்காவின் மேரிலாந்திலும் சுயமரியாதை இயக்கம் குறித்த பன்னாட்டு மாநாடுகள் நடந்தன. மேரிலாந்து மாநாட்டில் அமெரிக்க மனிதநேயர் சங்கம் பங்கேற்று, திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணிக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. 1880களில் சென்னைக்காரர்கள் இலண்டன் எழுத்துக்களைத் தமிழாக்கி வெளியிட்டனர். இம்மாநாடுகளில் சாதியைப் பற்றிய விளக்கம் தமிழகத்திலிருந்து மேற்கு நோக்கிச் சென்றது.